காசு கறுத்தால் குற்றமா?

புதுக்கோட்டைக்குப் போயிருந்தபோது, கீழராஜ வீதியில் ஒரு நண்பரின் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அரிமளம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கூடவே கல்லூரியில் படிக்கும் பேரன். பெரியவர் மடியிலிருந்து ஒரு பழைய புகையிலை டப்பாவை எடுத்துத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு துண்டின் மேல் கொட்டினார். அத்தனையும் காசுகள். சட்டைப் பொத்தான் அளவே உள்ள சின்னஞ்சிறு செம்புக் காசுகள். சில காப்பி நிறத்தில் இருந்தன. சில அட்டைக் கரியாக இருந்தன. நாலைந்தில் பச்சை ஏறியிருந்தது. ஒன்று மட்டும் நேற்று அடித்தது போல் பளபளவென்று மின்னியது.

"இது மருமக புளி போட்டுத் தேச்சது, தம்பி" என்றார் பெரியவர். "மத்ததையும் அப்படியே துலக்கிடலாமான்னு கேக்குறா. இவன் என்னடான்னா, தொடவே கூடாது, அப்படியே அமெரிக்காவுக்கு அனுப்பி மார்க்கு வாங்கணும்கிறான். நீங்க பத்திரிகைக்காரங்க. ரெண்டுல எது சரி?"

"அய்யா, மார்க்கு இல்லை, கிரேடு" என்று பேரன் திருத்தினான்.

அவை அம்மன் காசுகள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் சொந்தக் காசு. அந்தப் பெரியவரின் அப்பத்தா வெண்கலச் செம்பு ஒன்றில் போட்டு வைத்திருந்தவையாம். இப்படிப்பட்ட டப்பாக்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில், பரணிலும் பூஜை அலமாரியிலும் கிடக்கின்றன. பெரியவர் கேட்ட கேள்வி அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால், அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். பதிலின் சாரம் இதுதான்: மருமகள் செய்ததும் தவறு, பேரன் நினைப்பதும் தவறு. ஆனால் பேரனின் தவறு பாதிதான்.

அம்பாளின் காசு

தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். மன்னர்கள் தங்களைப் 'பிரகதாம்பா தாசர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். காசின் ஒரு பக்கத்தில் அமர்ந்திருப்பவள் அந்த அம்பாள்தான். மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற ஒரே சொல். ராஜாவின் தலையும் இல்லை, ஆண்டும் இல்லை.

இருபது அம்மன் காசு சேர்ந்தால் ஓர் அணா. அதாவது ஒரு ரூபாய்க்கு முந்நூற்றிருபது! காலணா கூடப் பெரிய காசாகத் தோன்றிய ஏழை எளியவர்களின் கையில் புழங்கிய காசு இது. நவராத்திரி நாட்களில் சமஸ்தானத்தில் அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்து ஜனங்களுக்கு வழங்குவது வழக்கம். விஜயரகுநாதராய தொண்டைமான் காலத்தில், சதாசிவப் பிரம்மேந்திரர் மணலில் எழுதிக் காட்டிய உபதேசத்தை மன்னர் தம் அங்கவஸ்திரத்தில் முடிந்துகொண்டு வந்தார், அது முதல் தசராவும் தானமும் சிறப்பாக நடக்கலாயின என்பது இந்த ஊர்ப் பரம்பரைக் கதை. காசில் இருந்ததாலேயே அம்பாளுக்கு 'அரைக்காசு அம்மன்' என்றும் பெயர் வந்துவிட்டது. பொருள் எதாவது காணாமற் போனால் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்ளாத பாட்டிமார்கள் தமிழ்நாட்டில் குறைவு. அவர்களில் பலருக்கு அந்த அம்மன் புதுக்கோட்டைக்காரி என்பதே தெரியாது!

பழைய அம்மன் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. செம்புத் துண்டை அச்சின் மேல் வைத்து ஓங்கி அடித்தால் அம்பாளின் பாதி காசிலும் பாதி வெளியிலும் விழும். 1889-ஆம் ஆண்டளவில்தான் இயந்திரத்தில் அச்சிட்ட காசு வந்தது. திவானாக இருந்து பிறகு திவான் ரீஜண்டாகவும் விளங்கிய சேஷையா சாஸ்திரியாரின் காலம் அது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் அச்சாகிக் கப்பலேறி வந்த காசு இது. வட்டம் சரியாக இருக்கும், விளிம்பு ஒழுங்காக இருக்கும். எடை ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல். பெரியவரின் டப்பாவில் இருந்தவற்றில் முக்கால்வாசி இந்த ரகம். ஏழெட்டு மட்டும் கோணல்மாணலான பழைய கையடிக் காசு. 1948 மார்ச் மாதம் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1957-இல் நயா பைசா வந்தது; அணாக் கணக்கு மெல்ல மறைந்தது. அம்மன் காசு செம்புக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் போய் அடங்கியது.

செம்பு ஏன் நிறம் மாறுகிறது?

புதிதாக அடித்த செம்பின் நிறம் சிவப்பு. காற்றுப் பட்டதும் அதன் மேல் மெல்லிய ஆடை படரத் தொடங்குகிறது. செம்பும் பிராணவாயுவும் சேர்ந்து உண்டாகும் ஆக்சைடு அது. முதலில் செம்பழுப்பு, பிறகு காப்பி நிறம். அடுப்புப் புகையிலும் சாக்கடைக் காற்றிலும் உள்ள கந்தகம் சேர்ந்தால் கறுப்பு. கை பட்டால் வியர்வையின் உப்பும் எண்ணெயும் அங்கங்கே திட்டு போடும். காசின் மேல் ஒரு விரல் ரேகை பதிந்து, ஐம்பது வருஷம் கழித்தும் அழியாமல் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். யாருடைய விரலோ!

இந்தப் பழுப்பு அழுக்கல்ல. அழுக்கு என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. இதுவோ காசின் செம்பே மாறி உண்டான தோல். இறுகிப் படிந்துவிட்டால், உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுவே காவல். ஆகவே சீராகப் பழுத்த காசைப் பார்த்து யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

புளி போட்டால் என்ன ஆகிறது? புளியில் உள்ள அமிலம் அந்தத் தோலைக் கரைத்து எடுத்துவிடுகிறது. கரைந்து போவது வெறும் நிறமல்ல, செம்பு. குடத்துக்கும் தவலைக்கும் இதனால் நஷ்டமில்லை. அவை கனமானவை, தேய்த்தால் அழகாகும். ஒரு கிராம் எடையுள்ள காசில் அம்பாளின் முகம் ஒரு தலைமுடி அளவுதான் எழும்பி நிற்கிறது. நாலு வெள்ளிக்கிழமை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் முகம் போய்விடும். பெரியவரின் பளபளப்பான காசை வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். அம்பாளின் கண்ணும் மூக்கும் மழுங்கி, மேலே நூற்றுக்கணக்கான நுண்ணிய கீறல்கள். நிறமும் புதுச் செம்பின் நிறமல்ல. ஒரு வெளிறிய ரோஜா நிறம். பழகிய கண் ஒரு நொடியில் இதைக் கண்டுபிடித்துவிடும்.

துலக்கிய காசு சில மாதங்களில் மறுபடி கறுக்கும். இந்தத் தடவை சீராக அல்ல, திட்டுத் திட்டாக. அதை மறைக்கக் கந்தகப் பொடியும் வாசலினும் தடவி, செயற்கையாகப் பழுப்பேற்றுகிறவர்களும் உலகத்தில் உண்டு. நரைத்த தலைக்கு மை பூசுவது போலத்தான். வேரில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. "அம்மன் உருவம் போட்ட காசு, ஐயா. பூஜையில் வைத்திருக்கிறோம். களிம்பு பிடித்தபடி வைக்கலாமா?" என்று சில வீடுகளில் கேட்பார்கள். அவர்களோடு வாதாட நாம் தயாரில்லை. பூஜையில் இருக்கும் காசு தெய்வம். அதைத் துலக்குவதும் துலக்காததும் அந்த வீட்டுக்காரர்களின் விருப்பம். நாம் வேண்டுவதெல்லாம், பூஜைக்கென்று ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள் என்பதுதான்.

பச்சையில் இரண்டு ரகம்

பழுப்பையும் கறுப்பையும் விட்டுவிடலாம் என்றோம். பச்சையை அப்படி விட முடியாது. பச்சையில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

கெட்டியாக, கரும்பச்சையாக, நகத்தால் சுரண்டினாலும் உதிராமல் காசோடு காசாக இருக்கும் பச்சையால் ஆபத்தில்லை. பல நாள் ஈரமண்ணில் கிடந்த செம்பில் அப்படி வரும்.

இன்னொன்று, வெளிர்ப் பச்சையாக, மாவு போலப் பூத்திருக்கும். ஊசி முனையால் தொட்டால் உதிரும். உதிர்ந்த இடத்தில் சிறு குழி தெரியும். துடைத்துவிட்டு வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பூக்கும். இதற்குக் காரணம் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து ஒளிந்திருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அது விழித்துக்கொண்டு செம்பைத் தின்னுகிறது. தின்று முடித்து மறுபடி விடுபட்டு, மேலும் தின்னுகிறது. 'வெண்கல நோய்' என்று இதற்குப் பெயர். நோய் என்றாலும் கிருமி எதுவும் கிடையாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் காசே மாவாகிவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரம் கடல். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று நீளும் அந்தக் கரையோரத்தில் வீசும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கீரனூரிலோ அன்னவாசலிலோ பெட்டியில் சும்மா கிடக்கும் காசு, அங்கே போனால் சும்மா கிடக்காது. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் காசுச் செம்பை வைக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அதை இன்றே மாற்றுங்கள்.

இந்த நோயைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு நல்ல அனுபவம் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நமது செப்புத் திருமேனிகள் பலவற்றை இதே களிம்பு அரித்தபோது, அவற்றைக் காப்பதற்காகவே 1930-இல் ஒரு ரசாயனக் கூடம் ஏற்பட்டது. மின்சாரத்தைச் செலுத்திக் களிம்பை நீக்கும் முறையை அங்கே கையாண்டார்கள். உற்சவ மூர்த்திக்கு ஏற்றது அந்த வைத்தியம். பொத்தானளவு காசுக்கு அதை வீட்டில் செய்து பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம். பாட்டரியையும் உப்புத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் சிலர் இதைச் சோதித்துப் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறோம். உப்புதான் நோய் என்னும்போது உப்புத் தண்ணீரில் போடுவது எப்படி மருந்தாகும்?

வீட்டில் செய்யக்கூடியது மிகவும் கொஞ்சம். மாவுப் பச்சை பூத்த காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீரில் சில நாட்கள் ஊற வைத்து, நீரைத் தினமும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் குளோரின் இருக்கிறது. பிறகு மெல்லிய துணியில் ஒற்றி எடுத்து (தேய்க்காமல்) நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மருந்துப் புட்டிகளோடு வரும் அந்தச் சின்னப் பொட்டலம்தான். அதன் பிறகும் பூத்தால் அருங்காட்சியகத்தில் உள்ளவர்களிடம் காட்டுங்கள்.

எண்ணெய் தடவி வைக்கலாமா என்று பெரியவர் கேட்டார். வேண்டாம். குத்துவிளக்கின் அகலில் எண்ணெய் தேங்குகிற இடத்தில் பச்சைப் பசையாக ஒன்று படிகிறதே, பார்த்திருப்பீர்கள். எண்ணெயும் செம்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. தேங்காயெண்ணெய் தடவிய காசுக்கும் அதே கதிதான் வரும்.

வளவளவென்றிருக்கும் மலிவுப் பிளாஸ்டிக் உறையும் ஆகாது. நாளடைவில் அது வியர்த்து, காசின் மேல் பச்சைப் பிசின் போலப் படியும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால், அதிலுள்ள கந்தகம் காசுக்குக் கறுப்புப் பட்டை போடும். பழைய செய்தித்தாளில் சுற்றுவதும் நல்லதல்ல, அது நமது பத்திரிகையாகவே இருந்தாலும்! அமிலமில்லாத காகித உறை நல்லது. அது கிடைக்காவிட்டால், துவைத்து உலர்ந்த பருத்தித் துணி.

இனி பேரனின் கேள்வி

காசைத் தரம் பிரித்துச் சான்று தரும் தொழில் அமெரிக்காவில் பெரிய தொழில். 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய செம்புக் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோலைக் கொடுத்தார். தேய்ந்து உருத்தெரியாத காசுக்கு ஒன்று. அச்சிலிருந்து விழுந்தபடி குறையற்ற காசுக்கு எழுபது. ஒன்றாம் தரக் காசின் விலையைப் போல எழுபது மடங்கு எழுபதாம் தரத்துக்கு என்பது அவருடைய கணக்கு. ஆகவே அளவுகோல் பிறந்ததே விலைக்காகத்தான். 1986-லும் 1987-லும் அங்கே தொடங்கிய இரண்டு பெரிய நிறுவனங்கள் அந்த எண்களை எடுத்துக்கொண்டன. காசைப் பரிசோதித்து, எண்ணைச் சீட்டில் அச்சிட்டு, காசையும் சீட்டையும் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் வைத்து மூடித் தருகிறார்கள்.

ஷெல்டனைப் பற்றி ஒரு கொசுறுச் செய்தி. அவர் இறந்த பிறகு, நியூயார்க்கில் உள்ள நாணயச் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல செம்புக் காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்திருந்தார் என்பது வெளிப்பட்டது. பழைய புகைப்படங்களோடு காசுகளை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். அளவுகோலைத் தந்த கையே அளவை மாற்றிய கதை! இதைச் சொல்வது அளவுகோலைப் பழிப்பதற்காக அல்ல. புகைப்படத்தின் உபயோகத்தைக் காட்டத்தான்.

செம்புக் காசுக்கு எண்ணோடு நிறத்தையும் எழுதுகிறார்கள். ஆதிச் சிவப்பு ஏறக்குறைய முழுவதும் இருந்தால் 'சிவப்பு', ஓரளவு இருந்தால் 'செம்பழுப்பு', அநேகமாகப் போய்விட்டால் 'பழுப்பு'. புளியில் குளித்த காசுக்கும், மாவுப் பச்சை அரித்த காசுக்கும் எண் கிடைக்காது. 'துலக்கப்பட்டது', 'அரிக்கப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மருமகளைத் தடுத்த வகையில் பேரன் சொன்னது சரி என்று நாம் ஒப்புக்கொண்டது இதனால்தான். ஆனால் கூட்டுக்குள் போனாலும் செம்பு செம்புதான். நிறம் மாறாது என்று அந்த நிறுவனங்களே காலவரையின்றிப் பொறுப்பேற்பதில்லை.

தரச்சான்றுக்கு ஒரு நியாயம் உண்டு. விலை பெரிதாக உள்ள காசை, ஒருவரையொருவர் பார்க்காத இருவர் விற்று வாங்கும்போது, போலியல்ல என்று சொல்ல ஒரு மூன்றாம் மனிதர் வேண்டும். அம்மன் காசு அந்த ரகமா? இயந்திரத்தில் அச்சிட்ட அம்மன் காசு ஏராளமாக வந்தது, ஏராளமாக மிஞ்சியிருக்கிறது. சாதாரணக் காசு ஒன்றின் விலை, சான்றுக் கட்டணமும் தபால் செலவும் சேர்ந்த தொகையை எட்டாது. சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

கையடிக் காசு விஷயம் வேறு. அதில் அம்பாளின் தலை விளிம்புக்கு வெளியே போயிருந்தால் அது தேய்மானமா, அடித்தபோதே அப்படியா என்பதைச் சொல்ல, இந்தப் பக்கத்துக் காசுகளை நூற்றுக்கணக்கில் பார்த்த கண் வேண்டும். கடல் கடந்த எண்ணைக் காட்டிலும் உள்ளூர்க் கண்ணுக்கே நாம் மதிப்புக் கொடுப்போம்.

செலவைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு வயது கடந்த காசு தொல்பொருள். தொல்பொருளைத் தனி மனிதர் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. பர்மிங்காமில் அச்சான அம்மன் காசுகள் நூறு வயதைத் தாண்டிவிட்டன. அங்கிருந்துதானே வந்தது, திருப்பி அனுப்பினால் என்ன என்று கேட்டால் சட்டம் சிரிக்காது. பேரன் சொன்னபடி ஒரு கவரில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தால், பெரியவர் தம் அப்பத்தாவின் காசுக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்க நேர்ந்திருக்கும். இங்கேயே வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், காசு எந்த ஊரில் பரிசோதிக்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேரன் இதைக் கேட்டு முகம் வாடினான். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னான். பழைய காசு ஒன்றுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று அவன் கைபேசியில் ஓர் ஆள் ஆசை காட்டியிருக்கிறான். சான்று இருந்தால் விலை இன்னும் ஏறும் என்றானாம். முன்பணமாகக் 'கமிஷன்' கட்ட வேண்டும் என்றும் சொன்னானாம். படிப்புச் செலவுக்கு ஆகுமே என்று பையன் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் இது மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிப் பணம் பறிப்பதைக் கண்டு, 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. பழைய காசு வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்களிடம் பணம் கேட்டுக்கொண்டு உங்கள் பொருளை வாங்க வருகிறவன் வியாபாரி அல்லன்.

வெட்டுப்பட்ட பொற்காசுகள்

இதே புதுக்கோட்டை மண்ணில் நடந்த வேறொரு கதையைப் பேரனுக்குச் சொன்னோம். 1898-இல் ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. ஐந்நூற்றொரு ரோமாபுரிப் பொற்காசுகள்! பொன் ஆகையால் களிம்பு இல்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளியால் வெட்டிய ஒரு தழும்பு இருந்தது. தரச்சான்றுக்காரர் பார்த்தால் 'சேதமடைந்தது' என்று ஒதுக்குவார். சரித்திரக்காரர்களோ நூறு வருஷத்துக்கு மேலாக அந்த வெட்டைப் பற்றித்தான் விவாதிக்கிறார்கள். யார் வெட்டினார்கள்? செல்லாக் காசு என்று காட்டவா? பொன்னின் தரத்தைச் சோதிக்கவா? வெட்டு இல்லாமற் போனால் கேள்வியே இல்லை. பின்னால் அந்தப் புதையல் பல கைகளுக்குச் சிதறியது; சில லண்டன் அருங்காட்சியகம் வரை போய்ச் சேர்ந்தன.

அந்தப் புதையலைப் பற்றி இன்றும் பேச முடிகிறதென்றால், எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனை காசு என்று அப்போதே எழுதி வைத்ததால்தான். பெரியவரின் டப்பாவில் இருக்கும் காசுகளுக்கு அந்த எழுத்து இல்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பேரனுக்குப் பாதி தெரியும். பேரனின் பிள்ளைக்கு இது வெறும் செம்பாகப் போய்விடும். ஒரு தாளில், அப்பத்தா பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், காசு இருந்த செம்பு, கையடிக் காசு எத்தனை, இயந்திரக் காசு எத்தனை என்று எழுதி, இரண்டு பக்கமும் வெயில் சாய்வில் புகைப்படம் எடுத்து டப்பாவிலேயே வையுங்கள் என்றோம். கைபேசி இருக்கிறது, செலவில்லை.

வீட்டில் வழிவழியாக வந்த காசுக்கு இது போதும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் கதை வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கிணறு வெட்டுகிறவர்களும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மண் ஒட்டிய காசுகளை அங்கேயே கழுவித் துடைக்கவும் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாக இருந்தால் கட்டியாகவே கொடுங்கள்.

திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910-இல் சமஸ்தான காலத்திலேயே தொடங்கியது. அங்கே காசுகள் இருக்கின்றன. உங்கள் காசு எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, அங்கே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

பேரன் கடைக்காரரிடம் காகிதமும் பென்சிலும் வாங்கி, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினான். பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினான். அப்பத்தா பிறந்தது விராலிமலைப் பக்கம் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. பெரியவர் பளபளக்கும் காசைத் தனியாக ஒரு வெற்றிலையில் மடித்து, "இது மருமகளுக்கு, பூஜைக்கு" என்று மடியில் வைத்துக்கொண்டார். மற்றவற்றை எண்ணி டப்பாவில் போட்டார். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். இருபத்திரண்டுதான்.

"வெத்தலையில இருக்கறதோட இருபத்திமூணு. வீட்டுல எண்ணுறப்ப இருபத்திநாலு இருந்திச்சே!" என்றார். திண்ணையின் கீழும் துண்டின் மடிப்பிலும் தேடினோம். காணவில்லை.

"சரி, எப்படியும் இப்ப திருக்கோகர்ணம்தானே போறோம், மியூசியத்துக்கு" என்று பெரியவர் எழுந்தார். "போற வழியில கால் கிலோ வெல்லம் வாங்கிக்கடா."